அசாயே சண்டையின் சாண் கணக்கு

திருத்தணி
13-6-1943

பாவாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், உங்கள் கம்பெனிப் பட்டாளத்தைத் தவிர. அது கைத்னா ஆற்றைக் கடந்து வந்து, என் பீரங்கிகளுக்கு எதிரே வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் அசாயே கிராமத்தில் வெள்ளைக்காரக் கம்பெனியிடம் மராத்தியர் தோற்றார்கள் என்று, மிஷன் பங்களாவில் பழைய பாதிரியார் விட்டுப்போன சரித்திரப் புத்தகம் சொல்கிறது. சொல்லட்டும். இந்தத் தடவை மராத்தியர் பக்கம் நான் இருக்கிறேன். நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்து சர்க்காரிடம் சம்பளம் வாங்குகிறவர், கம்பெனிப் பக்கம் நின்றால்தான் உங்களுக்கு நியாயம்.

தறிக்கார வீரபத்திரன் கொடுத்த காடாத் துணியில் நாம் வரைந்த வரைபடம் சாப்பாட்டு மேசை முழுக்க விரிந்து கிடக்கிறது. உங்கள் பிரதியை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறீர்களா? தறிக்கு நூல் சுற்றும் தார்க்குச்சிகளை நறுக்கி இன்னும் இருபது சிப்பாய்கள் செய்தேன். உங்களவர்களுக்குச் சிவப்பு நூல், என்னவர்களுக்குப் பச்சை. குதிரைகள் பழையபடி புளியங்கொட்டைதான். கஷ்டமெல்லாம் பீரங்கிகளால் வந்தது. கிராம்பை அடுக்கி வைத்தால் அச்சு அசலாக இருக்கும் என்று சொன்னது நீங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என் பீரங்கிகளில் ஆறை எடுத்துக் குருமாவில் போட்டுவிட்டாள். கேட்டால், "இன்னாடி இது, கிராம்பு விக்கிற வெலைக்கு அத வச்சி சண்ட போட்டுகினு கீற" என்கிறாள். நாங்கள் மூவரும் இப்போது தரையில்தான் சாப்பிடுகிறோம்.

நைனாதான் இன்னமும் நமக்கு நடுவர். தாயக்கட்டை உருட்டுவது சூது, ஆனால் அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, மோதல் வரும்போதெல்லாம் தன் தொப்பியில் சீட்டுகளைக் குலுக்கி எடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கே நல்ல சீட்டு வர வேண்டும் என்று அவர் முகம் ஆசைப்படுகிறது. வரப்போகிற மருமகன் இல்லையா.

என் நகர்வு: காலாட்படை முழுதும் திரும்பி, ஆற்றுக்கும் ஓடைக்கும் நடுவே உங்களை எதிர்கொண்டு நிற்கிறது. பீரங்கிகள் அசாயே மண்சுவருக்கு முன்னால். வாருங்கள் பார்க்கலாம்.

ஈஸ்டரில் நிச்சயம் செய்துகொண்டு போன மனிதர், போன கடிதம் முழுக்கக் குதிரைகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி ஒரு வரி. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

தேவசுந்தரி


களத் தபால்
9-7-1943

என் சுந்தரிக்கு,

உன் கடிதம் மூலையில் கத்திரிபட்டு வந்தது. அதற்கு முன்னால் நான் எழுதியது அதைவிடப் பெரிய பாடு பட்டிருக்கிறது. எங்கள் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்ய, தமிழ் தெரிந்த ஒரு சுபேதார் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், சிரிப்பே வராத மனிதர். என்னைக் கூப்பிட்டனுப்பினார். எந்த ஆற்றைக் கடக்கப் போகிறாய், பீரங்கி எங்கே நிற்கிறது, எதிரி யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எதிரி நான் கட்டிக்கப்போற பொண்ணுங்க" என்றேன்.

பிறகு துணியைக் கொண்டுவரச் சொல்லி, விரித்துப் பார்த்து, கம்பெனிக்கு இடப்பக்கம் பலவீனமாக இருக்கிறது என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். இப்போது உன் கடிதம் வந்தால் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

இங்கே மழை. எந்த ஊர் என்று எழுதக்கூடாது, எழுதினாலும் உனக்கு விளங்காது. பாலம் கட்டுகிறோம், வெள்ளம் கொண்டுபோகிறது, மறுபடி கட்டுகிறோம். அரக்கோணம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தபோது மேஸ்திரி திட்டினால் கோபம் வரும். இப்போது அந்தத் திட்டைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

சரி, உன் வாய்க்குப் பதில். என் குதிரைப்படை ஓடைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு நேராக உன் பீரங்கிகள்மேல் பாய்கிறது. நாம் சின்ன வயதில் எழுதிய விதி: ஒரு நகர்வுக்குக் காலாட்படைக்கு ஒரு சாண், குதிரைக்கு இரண்டு சாண். அளந்துவிட்டேன். இரண்டாவது சாண் உன் முதல் கிராம்பைத் தொட்டுக்கொண்டு முடிகிறது. மாமாவைத் தொப்பியை எடுக்கச் சொல்.

உன்னைப் பற்றி ஒரு வரிதானா என்கிறாய். எழுதுவதையெல்லாம் சுபேதார் முதலில் படிக்கிறார் என்பதை நினைத்துக்கொள். படித்தால் படிக்கட்டும். சாயங்காலம் பெட்டிமேல் துணியை விரிக்கும்போது, எதிர்ப்பக்கம் நீ கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துத்தான் காயை எடுக்கிறேன். உன் பக்கத்துக் காயை எடுக்கும்போது உன்னிடம் கேட்டுவிட்டு எடுக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எனக்குப் பித்து என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பிரபுதாஸ்


திருத்தணி
8-8-1943

பாவாவுக்கு,

ஆடிக்கிருத்திகை முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. மலைக்குக் காவடி எடுத்து வந்தவர்களுக்கு எங்கள் வாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருந்தோம். நகரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, மேசைமேல் இருப்பது என்ன கொலு என்று தெலுங்கில் கேட்டார். சண்டை என்றேன். யார் ஜெயிக்கிறார்கள் என்றார். நான் என்றேன். சந்தோஷமாகப் போனார்.

அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. உங்கள் குதிரைகள் என் பீரங்கிகளை எட்டவில்லை. இரண்டு சாண் அளந்தேன், நான்கு விரற்கடை குறைகிறது. நைனாவையும் பக்கத்தில் நிற்கவைத்து மறுபடி அளந்தேன், அதே நான்கு விரற்கடை. உங்கள் குதிரைக்காரர்கள் வெட்டவெளியில், என் பீரங்கி வாய்க்கு எதிரே நிற்கிறார்கள். நான் சும்மா இருப்பேனா? சுட்டேன். நைனா கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தார். பாதிப் படை போயிற்று. செத்த குதிரைகளைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தின் இரண்டாம் பாதியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். முதல் பாதியை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

தேவசுந்தரி


களத் தபால்
2-9-1943

சுந்தரிக்கு,

எட்டவில்லையா? மூன்று பேரைச் சாட்சி வைத்து அளந்தேன். சுபேதாரும் பார்த்தார். குதிரைப்படை உன் பீரங்கியைத் தொட்டது, தொட்டதுதான். எட்டாததை எட்டியதாக எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி நினைத்தாயா? என் துணி மழையில் சுருங்கிவிட்டதோ என்று அசாயேயிலிருந்து ஆற்றங்கரைவரை கயிறு பிடித்து அளந்தேன். சுருங்கவில்லை. கயிற்றை இதோடு அனுப்பியிருக்கிறேன், உன் மேசையில் வைத்துப் பார்.

சின்ன வயதிலும் இப்படித்தான். தோற்கப்போகிறாய் என்று தெரிந்தால் உனக்கு ஒரு விதி முளைக்கும். கட்டிக்கொண்ட பிறகும் இப்படியே இருப்பாயா?

டப்பாவைத் திற. என் ஆட்களை வெளியே எடு.

பிரபுதாஸ்

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், கொஞ்சம் காரமாகத்தான் இருக்கிறது. வேறு தாள் இல்லை. அப்படியே அனுப்புகிறேன்.


திருத்தணி
26-9-1943

பாவாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் உங்களோடு பேசுவதில்லை என்று இருந்தேன். நீங்கள் அங்கே, நான் இங்கே, பேசாமலிருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள். அதுவும் சரிதான்.

கயிறு என் துணிக்கும் சரியாக இருந்தது. அப்படியானால் யார் பொய்? நீங்களும் இல்லை, நானும் இல்லை. விஷயம் பள்ளிக்கூடத்தில், நான் பாடம் நடத்தும் வகுப்பில்தான் பிடிபட்டது. மூன்றாம் வகுப்புப் பெண்களிடம் பெஞ்சைச் சாண் போட்டு அளக்கச் சொன்னேன். வசந்தி ஒரு கணக்குச் சொன்னாள், வரலட்சுமி வேறு கணக்குச் சொன்னாள், இரண்டு பேரும் அடித்துக்கொள்ளப் போனார்கள். நான் அவர்களைப் பார்த்தபடி சிரித்தேன் பாருங்கள், தலைமையாசிரியை உள்ளே வந்து எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும்படி ஆயிற்று.

அந்த விதியை எழுதியபோது நம் இருவர் கையும் ஒரே அளவு. என் கை அங்கேயே நின்றுவிட்டது. உங்கள் கை பட்டறையில் இரும்பைப் பிடித்து வளர்ந்துவிட்டது. உங்கள் துணியில் உங்கள் சாண் எட்டியது, என் மேசையில் என் சாண் எட்டவில்லை. இத்தனை மாதம் ஆறு, ஓடை, கிராமம் என்று அடையாளம் சொல்லியே நகர்ந்தோம், அதனால் தெரியவில்லை. வெட்டவெளி வந்ததும் மாட்டிக்கொண்டோம்.

இதோ என் வலது கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வலது கையை விரித்து வைத்து வரைந்து அனுப்புங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஒரு பொதுச் சாண் வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் குதிரை எட்டினால் டப்பாவைத் திறக்கிறேன்.

சண்டைக்காக மட்டும் கேட்கவில்லை. அந்தத் தாளில் உங்கள் கை பட்டிருக்கும் அல்லவா.

வருஷக் கடைசியில் லீவு கிடைக்கும் என்றீர்களே, கேட்டீர்களா? நீங்கள் தேதி சொன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கச் சொல்வதாக நைனா சொல்கிறார்.

உங்கள்
சுந்தரி


களத் தபால்
20-11-1943

தேவசுந்தரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம். வேலை மிகுதியால் பதில் எழுதத் தாமதமாயிற்று, மன்னிக்கவும். தற்சமயம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளேன்.

விளையாட்டைப் பொறுத்தவரை தாங்கள் சொன்னதே சரி. குதிரைப்படை எட்டவில்லை. வெற்றி தங்களுடையது. கம்பெனிப் பட்டாளம் பின்வாங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு துணியை மடித்துவிடவும். அத்தைக்குச் சாப்பாட்டு மேசையைத் திருப்பிக் கொடுத்துவிடவும்.

லீவு பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. மாமாவிடம் ஓலைக்கு அவசரப்பட வேண்டாம் என்று சொல்லவும்.

பிரபுதாஸ்


திருத்தணி
12-12-1943

பாவாவுக்கு,

நான் பிறந்ததிலிருந்து நீங்கள் என்னை 'அவர்கள்' என்று சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை எழுதியது யார்? இது உங்கள் கையெழுத்து இல்லை. உங்கள் எழுத்துகள் கூரை சரிந்த வீடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். இதுவோ மணிமணியாக, கணக்கப்பிள்ளை எழுத்தாக இருக்கிறது. இதை எழுதிக் கொடுத்த புண்ணியவானுக்கு என் நன்றி. ஆனால் அவரை நான் கட்டிக்கொள்வதாக இல்லை.

எனக்கு நீங்கள் தானமாகக் கொடுக்கும் வெற்றி வேண்டாம். குதிரை எட்டியது என்று தாள் கிழிகிற மாதிரி சண்டை போட்ட ஆள், இரண்டு மாதத்தில் எட்டவில்லை என்று ஒத்துக்கொள்கிறார் என்றால், அது குதிரை விஷயம் இல்லை. வேறு யாரையாவது பார்த்துவிட்டீர்களா? அப்படியென்றாலும் சொல்லிவிடுங்கள். அழுது முடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். அல்லது உடம்புக்கு ஏதாவதா? அரக்கோணத்தில் உங்கள் வீட்டுக்குப் போய் அத்தையைக் கேட்டேன். "எனக்கும் இதே கையெழுத்துலதாம்மா வந்துகினு இருக்குது" என்று சொல்லி அவளும் முந்தானையை எடுத்துக்கொண்டாள். எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் சொல்ல ஆளில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். உங்கள் வலது கையை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். அது வரும்வரை துணியை மடிக்கமாட்டேன். அம்மா தரையிலேயே சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

சுந்தரி


ராணுவ ஆஸ்பத்திரி, பெங்களூர்
15-1-1944

சுந்தரி,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும். நேற்றுத் தொடங்கி இன்று முடிக்கிறேன்.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. பென்சிலைப் பிடித்துச் சுற்றி வரைந்தது பக்கத்துப் படுக்கை ஞானப்பிரகாசம். அந்தக் கணக்கப்பிள்ளைக் கையெழுத்தும் அவனுடையதுதான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் இருக்கின்றன. மற்ற மூன்றும் இல்லை.

வீரமாக ஒன்றும் நடக்கவில்லை. எதிரியை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அக்டோபரில் பாலம் கட்டும்போது இரும்புச் சட்டம் வழுக்கி என் கைமேல் விழுந்தது. அவ்வளவுதான். உன் கடிதம், நீ வரைந்து அனுப்பிய கையோடு, நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது வந்து சேர்ந்தது. கையை வரைந்து அனுப்பு என்று எழுதியிருந்தாய். உன் தாளை விரித்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு எனக்குப் பொய் சொல்லத்தான் தைரியம் இருந்தது.

சுந்தரி, நன்றாக யோசித்துப் பார். பட்டறையில் என்னை இனி ஃபிட்டராகச் சேர்க்கமாட்டார்கள். ஸ்க்ரூவைப் பிடிக்க வராது. சோறு பிசைந்து சாப்பிடுவதையே இடது கையில் புதிதாகப் பழகுகிறேன். பலிபீடத்துக்கு முன்னால் உன் தாலிக்கு முடிச்சுப் போட வேண்டும், அதற்குக்கூட இந்தக் கை வராது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நூலோடு தடுமாற, நீ தலை குனிந்து காத்திருக்க, அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாமாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். நிச்சயத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன். உனக்கு நல்ல இடம் கிடைக்கும். இந்த மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிடுவார்கள். அரக்கோணத்தில் அம்மாவிடம் போய் இருப்பேன். திருத்தணிக்கு வரமாட்டேன். நீயும் வராதே.

நீ வரைந்த கையை மட்டும் திருப்பி அனுப்பவில்லை. அதைக் கேட்காதே.

பிரபு


திருத்தணி
30-1-1944

என் பாவாவுக்கு,

உங்கள் அரக்கோணம் விலாசத்துக்கே எழுதுகிறேன். நீங்கள் வந்திறங்கும்போது அத்தை கையில் இது இருக்கும். படித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். அதன்மேல் என் கையை வைத்தேன். பிறகு அழுதேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வலித்திருக்குமே என்று அழுதேன். மூன்று மாதம் எனக்குத் தெரியாமல் வலித்திருக்கிறதே என்று அதைவிட அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. பொய் சொன்னதற்கு உங்களை நான்கு வார்த்தை கேட்கவேண்டும், அதை நேரில் கேட்பேன்.

நைனாவுக்கு நீங்கள் எழுதியதை அவர் எங்களுக்குச் சத்தமாகவே படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினாள். "மூணு வெரலு போனா ஆளு போய்ட்டானா? எழுந்து போய் பாதிரி ஐயருகிட்ட ஓலை குடுத்துட்டு வா" என்றாள். அவர் செருப்புப் போட மறந்தே போனார்.

பட்டறையில் சேர்க்கமாட்டார்கள் என்றால் வேறு வேலை தேடுவோம். கிடைக்கும்வரை என் சம்பளம் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிற சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிட முடியும், குருமாவில் கிராம்பு போட முடியாது. முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும்தான். உங்களிடம் ஒன்றரைக் கை இருக்கிறது. மீதி அரைக்கு அத்தை பின்னால் நிற்பாள். எவ்வளவு நேரமானாலும் நான் தலை குனிந்து நிற்பேன். எனக்கு என்ன அவசரம்?

டப்பாவைத் திறந்து உங்கள் குதிரைகளை எடுத்து, என் பீரங்கிகளைத் தொடும்படி வைத்துவிட்டேன். உங்கள் வலது கைச் சாண் எவ்வளவு நீளம் என்று இனி யாரும் அளக்க முடியாது. அதனால் நீங்கள் சொன்னதைத்தான் நம்ப வேண்டும், நம்புகிறேன். எட்டியது என்றால் எட்டியது. அடுத்த நகர்வு என்னுடையது, சும்மா விடமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதலாவது ஓலை வாசித்தார்கள். இன்று காலை இரண்டாவது. அரக்கோணம் ரெபேக்காள் அம்மாள் குமாரன் பிரபுதாஸ் என்று ஐயர் படித்தபோது, என் காது சுட்டது. இந்த இருவரும் விவாகத்தில் சேரத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்டு, வழக்கம்போல நிறுத்தினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குழந்தைகூட இருமவில்லை.

மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. கடிதத்தில் எழுதிய தடை செல்லாது. மூன்று விரல் இல்லாதது ஒரு தடை என்று நீங்கள் நிஜமாகவே நினைத்தால், காலை வண்டியில் வந்து ஆண்கள் பக்கம் உட்காருங்கள். ஐயர் கேட்கும்போது எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள். நான் பெண்கள் பக்கம் முதல் பாயில் இருப்பேன். நீங்கள் எழுந்தால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

உங்கள்
சுந்தரி